ராகியில் பீட்சா செய்தால் லோ கார்ப் ஆகிவிடுமா?

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு சகோதரி): அண்ணா, மைதாவுக்குப் பதில் ராகி மாவில் பீட்சா பேஸ் செய்தால் அது லோ கார்ப்தானே, மாவுச்சத்து கம்மிதானே? மாமனாருக்கு சுகர். பையன் வாராவாரம் பீட்சா கேட்கிறான். எல்லோருக்கும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். சிறுதானியம் என்றாலே கார்ப் கம்மி என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே?

6 ஜனவரி 2024

இல்லை. ராகி லோ கார்ப் கிடையாது. கம்பு, தினை, சாமை, வரகு எதுவும் கிடையாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது. நூறு கிராமுக்கு மாவுச்சத்து: அரிசி சுமார் 78 கிராம், மைதா 74, ராகி 67, கம்பு 62. அதுவும் நார்ச்சத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு. பத்து அங்குல பேஸ் ஒன்றுக்கு 150 கிராம் மாவு என்று வையுங்கள். மைதா என்றால் 111 கிராம், ராகி என்றால் 100. இவ்வளவு பாடுபட்டு ஒரு சின்ன இட்லியை மிச்சம் பிடித்த மாதிரிதான்.

ராகி மோசம் என்று சொல்லவில்லை. நூறு கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, 11 கிராம் நார்ச்சத்து. மைதாவில் நார்ச்சத்து மூன்று கிராம்கூட இல்லை. பையனுக்குத் தாராளமாகக் கொடுங்கள். மாமனாருக்கு 'லோ கார்ப்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், அவர் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடுவார்.

இன்னொன்று. ராகியில் குளூட்டன் என்ற புரதம் இல்லை, மாவு இழுபடாது. அதனால் அந்த வீடியோக்களில் பாதி மைதாவோ கோதுமையோ சேர்ப்பார்கள். அதைத் தலைப்பில் போட மாட்டார்கள்.

6 ஜனவரி, இரவு

காலையில் எழுதியதை என் மனைவி வாசித்துவிட்டு, "இல்லை இல்லைன்னு சொன்னா ஆச்சா? அந்தப் பொண்ணு பீட்சா எப்படிச் செய்யறதுன்னுதானே கேட்டிருக்கு" என்றாள். நியாயம்தான்.

2022-இல் எனக்குச் சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.9 வந்தது. அதுவரை சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போனவன் நான். அதற்கப்புறம் ஒரு தராசும் ஒரு குளுக்கோமீட்டரும் வாங்கி, வீட்டில் எல்லோருடைய பொறுமையையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்குப் பீட்சா பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆகவே தோற்ற கதைகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

9 ஜனவரி

காலிஃப்ளவர் பேஸ். எல்லோரும் முதலில் விழும் குழி.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் இப்போது பூ மலிவு, பெரிதாகவும் இருக்கிறது. ஒரு பூ வாங்கி வந்தேன். வழக்கம்போல் புழுவுக்குப் பயந்து மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தேன். அப்புறம் துருவி, இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்து, கையால் ஒரு பிழி பிழிந்து, முட்டை சீஸ் கலந்து தட்டி, ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனில் வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தது சூடான பொரியல். பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு, பேப்பர் எது பேஸ் எது என்று தெரியாமல், கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம். சுவை நன்றாகவே இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

பிழை எங்கே என்று பிறகு யோசித்தேன். காலிஃப்ளவரில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். அதைக் கொதிநீரில் ஊறப்போட்டேன், ஆவியிலும் வைத்தேன். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய இடத்தில் இரண்டு முறை தண்ணீர் ஊட்டியிருக்கிறேன்.

10 ஜனவரி

"முட்டையைக் கூட்டினால் பிடித்துக்கொள்ளும்" என்று திண்டுக்கல் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். பிடித்துக்கொள்ளும் அக்கா, ஆம்லெட்டாக.

15 ஜனவரி

பொங்கல் லீவில் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்றாவது தேறிவிட்டது.

புழுவுக்கு முழுப் பூவாகவே உப்பு மஞ்சள் வெந்நீரில் ஐந்து நிமிடம். எடுத்துத் தலைகீழாக வடிகட்டியில் ஒரு மணி நேரம். ஃபேன் காற்றில் இன்னும் நல்லது. பிறகு 600 கிராம் பூவைத் துருவி, ஆவியில் வைக்காமல், அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறுங்கள். ஆவி போய்க்கொண்டே இருக்கும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்குங்கள். கை வலிக்கும்வரை என்பது என் அளவு. "இதற்குமேல் வராது" என்று தோன்றும்போது இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முறுக்கினால் இன்னும் அரை டம்ளர் வரும்! என் மகள் இதை ஜிம் என்கிறாள்.

600 கிராம் கடைசியில் 250 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதில் ஒரு முட்டை, 60 கிராம் மொசரெல்லா சீஸ் துருவல், இரண்டு டேபிள்ஸ்பூன் பாதாம் மாவு, மிளகு, கொஞ்சம் உப்பு. உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாடியே போட்டால் மறுபடி தண்ணீர் விடும். பட்டர் பேப்பரில் எண்ணெய் தடவி, தோசை தடிமனுக்குக் கொஞ்சம் மேலே தட்டி, ஓரத்தை மட்டும் சற்று உயர்த்தி, 220 டிகிரியில் பதினைந்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து. அப்புறம்தான் சாஸ், சீஸ், மற்றதெல்லாம். மேலே போட்ட பிறகு ஆறேழு நிமிடம் போதும்.

கையில் எடுத்தால் நுனி தொங்கும், உடையாது. மாவுச்சத்துக் கணக்கு: 250 கிராமுக்கு 5 சதவீதம், பன்னிரண்டரை கிராம். நார் கழித்தால் ஏழு, எட்டு. முழு பேஸுக்கு!

16 ஜனவரி

மேலே போட்ட கணக்கு தப்பு. கணக்கு தெரிந்த ஒரு தம்பி காலையிலேயே பிடித்துவிட்டான். ஐந்து சதவீதம் என்பது பச்சைப் பூவுக்கு. பிழிந்து எடுத்தது தண்ணீரை, மாவுச்சத்தை அல்ல. 600 கிராமுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்: 30 கிராம், அதில் நார் 12 போக 18. பிழிந்த நீரில் கொஞ்சம் போயிருக்கலாம், அதை நம்ப வேண்டாம். பாதாம், சீஸ் சேர்த்து முழு பேஸுக்கு 20 கிராம் என்று வையுங்கள். நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து. மைதாவில் அதே பங்கு 28. இது போதாதா? நான்தான் ஆசையில் ஏழு எட்டு என்று எழுதிவிட்டேன்.

பிழிந்த தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ரசத்தில் ஊற்றினேன். வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாசனை தெரிந்தது, ஆனால் பழி பெருங்காயத்தின் மேல் போய்விட்டது.

23 ஜனவரி

ஃபேட்ஹெட் மாவு. வெளிநாட்டில் லோ கார்ப் ஆட்கள் உயிரை விடுவது இதற்குத்தான். 170 கிராம் மொசரெல்லாவையும் இரண்டு டேபிள்ஸ்பூன் கிரீம் சீஸையும் உருக்கி, அது சூடாக இருக்கும்போதே 85 கிராம் பாதாம் மாவும் ஒரு முட்டையும் போட்டுப் பிசைந்தால், சத்தியமாக, மைதா மாவு மாதிரியே உருண்டு வருகிறது. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்க்கலாம். முள்கரண்டியால் நிறைய குத்துங்கள், இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பும்.

மைதாவில் இழுவை வருவது அதிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீரில் கைகோர்த்து வலை பின்னுவதால். அதைத்தான் குளூட்டன் என்கிறோம். இங்கே அந்த வேலையை உருகிய சீஸ் புரதம் செய்கிறது. ஆறினால் வலை இறுகிவிடும், அதனால்தான் சூடாகப் பிசையச் சொல்கிறார்கள். இறுகிவிட்டால் மறுபடி முப்பது விநாடி சூடு காட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகள் சொன்னாள்: "அப்பா, இதுதான் பீட்சா. மத்ததெல்லாம் கூட்டுப் பொரியல்."

24 ஜனவரி

நேற்று எழுதியதைத் திருத்தவில்லை, ஆனால் இரவெல்லாம் ஒரு கணக்கு ஓடியது. அந்த பேஸில் நிகர மாவுச்சத்து 13 கிராம்தான். கலோரி? சீஸ் 500, பாதாம் 490, கிரீம் சீஸ் 100, முட்டை 70. கூட்டினால் 1,150-க்குக் குறையாது. 150 கிராம் மைதாவில், எண்ணெய் சேர்த்தே, 650 வரும். காலிஃப்ளவர் பேஸ் 500-க்குள் அடங்கும்.

அதாவது சுகர் ஏறாத பீட்சா வேறு, எடை குறைக்கும் பீட்சா வேறு. இரண்டுக்கும் 'ஹெல்தி' என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். எனக்கு எடைப் பிரச்சினையும் உண்டு, ஆகவே ஃபேட்ஹெட் எனக்கு மாதம் ஒருமுறை. வற்றலாக இருப்பவர்களுக்குக் கவலையில்லை.

2 பிப்ரவரி

பனீரை வைத்து ஃபேட்ஹெட் முயன்றேன். செய்யாதீர்கள். அடுப்பில் அரை மணி நேரம் வைத்தாலும் பனீர் உருகாது. வெந்து, கெட்டியாகி, கடைசியில் முட்டைப் பொரியல் மாதிரி உதிர்ந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மொசரெல்லா, ரென்னெட் என்ற நொதி போட்டு உறையவைத்து, புளிப்பை ஓரளவோடு நிறுத்துவது. பனீர், கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிய வைப்பது. அந்தப் புளிப்பில் புரதங்களை நெகிழ்வாகப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம் கரைந்து போய்விடுகிறது. கொதித்த சூட்டில் மற்றப் புரதங்களும் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் எவ்வளவு சூடு காட்டினாலும் அது ஓடாது. பட்டர் மசாலாவில் துண்டு துண்டாக நிற்பதற்கு அதுதான் காரணம். அங்கே அது குணம், இங்கே அது குறை.

உதிர்ந்ததில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டு புர்ஜி ஆக்கினேன். இந்தத் தொடரில் தோல்வி எல்லாம் பொரியலாகவோ புர்ஜியாகவோதான் முடிகிறது.

4 பிப்ரவரி

சீஸ் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். பக்கத்துக் கடையில் 'பீட்சா சீஸ்' என்று விலை மலிவாகத் துருவிய பாக்கெட் கொடுத்தார்கள். பிசைந்தால் எண்ணெயாகப் பிரிந்து, பேஸ் ரப்பர் செருப்பு மாதிரி ஆனது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பாமாயிலும் மாவுப்பொருளும். பாலே பேருக்குத்தான். எழுத்து இவ்வளவு சின்னதாக இருந்தது, மகளின் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசித்தேன்.

கட்டியாக விற்கும் மொசரெல்லா வாங்கி நீங்களே துருவுங்கள். நல்ல கம்பெனி துருவல் பாக்கெட்டில்கூட ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருக்கும். மேலே தூவ அது பரவாயில்லை, மாவு பிசைய வேண்டாம்.

11 பிப்ரவரி

பாதாம் மாவு விலை கேட்டு மயங்கியவர்களுக்கு. வீட்டிலேயே அரைக்கலாம். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் விப்பர் பக்கம் விட்டு விட்டு அரைக்க வேண்டும். விடாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டு பாதாம் வெண்ணெயாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பாதாம் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். தோலோடு அரைத்தாலும் ஒன்றும் குடிமுழுகாது, நிறம்தான் கோதுமை மாதிரி இருக்கும். நான் இப்போது தோலோடுதான் அரைக்கிறேன். உரிக்கும் வேலை மிச்சம், நாரும் மிச்சம்.

நூறு கிராம் பாதாமில் மொத்த மாவுச்சத்து 21, 22 கிராம், அதில் நார் 12. கலோரி 580.

வேர்க்கடலை மாவு மலிவாயிற்றே என்றார் ஒருவர். செய்தேன். பீட்சாவில் கடலை மிட்டாய் வாசனை வந்தது.

18 பிப்ரவரி

முட்டை சாப்பிடாதவர்களுக்கு என்ன வழி என்று நாலு பேர் கேட்டாயிற்று. எங்கள் வீட்டிலும் வெள்ளி, சஷ்டி, கிருத்திகைக்கு முட்டை கிடையாது. மாமியார் வந்தால் மொத்தமாகவே கிடையாது.

இசப்கோல். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதே உமிதான். குஜராத்தில், ராஜஸ்தானில் விளைவது. ஏறக்குறைய முழுக்க நார்ச்சத்து. தண்ணீர் பட்டதும் ஜவ்வு மாதிரி ஆகிறது. அந்த ஜவ்வுதான் குளூட்டனுக்கு மாற்று. 100 கிராம் பாதாம் மாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் இசப்கோல், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு, இரண்டு ஸ்பூன் தயிர். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, சுமார் அரை டம்ளர் வரை. பத்து நிமிடம் மூடி வையுங்கள். முதலில் களி மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். தட்டி, 200 டிகிரியில் பதினாறு, பதினெட்டு நிமிடம்.

ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் செய்யலாம். எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டிக் கல்லில் கவிழ்த்து, சிறு தீயில் மூடி போட்டு எட்டு நிமிடம், திருப்பி நாலு நிமிடம். அப்புறம் மேலே எல்லாம் வைத்து மறுபடி மூடி, சீஸ் உருகும்வரை. எனக்கு ஓவனைவிட இதுதான் பிடித்திருக்கிறது. அடியில் கருகருவென்று ஒரு மொறுமொறுப்பு வருகிறது.

19 பிப்ரவரி

சேலம் சகோதரி இதைச் செய்துவிட்டு "அண்ணா, கத்திரிக்காய் கலரில் வந்திருக்கிறது, கெட்டுவிட்டதா?" என்று படம் போட்டிருக்கிறார். கெடவில்லை. சில இசப்கோல் வெந்தால் ஊதா நிறமாகும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாப்பிடலாம். வேறு பிராண்ட் வாங்கிப் பாருங்கள், அல்லது பையனிடம் இது புது வகை என்று சொல்லுங்கள்.

இசப்கோல் சாப்பிட்டால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மாத்திரை எதையும் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். ஜவ்வு மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

3 மார்ச்

நான் மிகவும் வெட்கப்பட்ட விஷயம். நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்: "கடை பீட்சா, மெல்லிய பேஸ், மூணு துண்டு சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழிச்சு சுகர் 151தான். எல்லாம் சும்மா பயமுறுத்துறாங்க."

போன வாரம் மகள் பிறந்தநாள். அதே பீட்சா, அதே மூன்று துண்டு. இரண்டு மணி நேரத்தில் 149. சந்தோஷமாகப் படுத்தேன். தூக்கம் வராமல் எழுந்து, நாலரை மணி நேரத்தில் சும்மா ஒரு குத்து குத்திப் பார்த்தால் 203.

இது தெரிந்த சங்கதிதானாம். சுகர் நோயாளிகளிடம் பீட்சா எஃபெக்ட் என்றே பெயர் உண்டு. சீஸிலுள்ள கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. மைதா மெதுவாக வந்து சேர்கிறது, மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருக்கிறது. இட்லிக்குச் சரியான இரண்டு மணி நேரச் சோதனை பீட்சாவிடம் ஏமாந்துவிடும். ஒன்றரை வருடமாக நான் மீட்டரை வைத்துக்கொண்டு என்னையே ஏமாற்றியிருக்கிறேன்.

ஆகவே வீட்டில் செய்யும் பேஸையும் நாலு, ஐந்து மணி நேரத்தில் பாருங்கள். காலிஃப்ளவர் பேஸில் பாதி சாப்பிட்டு நான் பார்த்தது: இரண்டு மணி நேரத்தில் 124, நாலரையில் 131. இது என் உடம்பு, என் மெட்ஃபார்மின் மாத்திரை. உங்களுக்கு வேறு வரும்.

4 மார்ச்

மருந்து பற்றி எழுதாமல் விட்டது தவறு. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கார்பைக் குறைத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை எடுப்பவர்கள் கார்பை ரொம்பவும் வெட்டினால் வேறு ஆபத்து: மீட்டரில் சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம். வாந்தி, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஆஸ்பத்திரிதான். ஒரு வேளை பீட்சாவால் இதெல்லாம் வராது. அது பிடித்துப்போய் முழு டயட்டையும் மாற்றுபவர்களுக்குச் சொல்கிறேன். மாமனார் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

10 மார்ச்

கோழி பேஸ். 300 கிராம் கொத்திய சிக்கன், ஒரு முட்டை, 50 கிராம் சீஸ், பூண்டு, மிளகு. மெல்லிசாகத் தட்டி 200 டிகிரியில் இருபது நிமிடம். தண்ணீர் விடும், வடித்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். மாவுச்சத்து அனேகமாக இல்லை. நன்றாக இருந்தது. ஆனால் அது பீட்சா இல்லை, தட்டையான கட்லெட். மேலே சிக்கன் டாப்பிங் வேறு வைத்தேன். கோழிமேல் கோழி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

17 மார்ச்

பேஸைப் பற்றியே இரண்டு மாதம் எழுதிவிட்டு மேலே போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தக்காளி கெச்சப்பில் நூறு கிராமுக்கு 25 கிராம் வரை கார்ப், பெரும்பாலும் சர்க்கரை. இரண்டு கரண்டி ஊற்றினால் காலிஃப்ளவரைப் பிழிந்த கைவலி அத்தனையும் வீண். தக்காளியை வதக்கிப் பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு போட்டுச் சுண்டவிடுங்கள். நாட்டுத் தக்காளி புளிக்கும், சர்க்கரை தேடாதீர்கள், ஒரு கேரட் துண்டு போட்டு வேகவைத்து எடுத்துவிடுங்கள். ஸ்வீட் கார்ன் வேண்டாம், நூறு கிராமில் 19. குடைமிளகாய், காளான், கீரை, ஆலிவ் தாராளம். வெங்காயம் அளவாக.

24 மார்ச்

ஒரு ஹோட்டல்காரர் கோபித்துக்கொண்டார்: "நேப்பிள்ஸில் 485 டிகிரி விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடியில் எடுப்பது பீட்சா. அதற்கு யுனெஸ்கோ 2017-இல் மரியாதை கொடுத்திருக்கிறது. நீங்கள் காலிஃப்ளவரைத் துணியில் முறுக்கிவிட்டு அந்தப் பெயரை வைக்கிறீர்கள்."

ஐயா சொல்வது சரிதான், சண்டை போடவில்லை. யுனெஸ்கோ மரியாதை கொடுத்தது அந்த மாவைத் தட்டிச் சுழற்றிச் சுடும் கலைக்கு. என்னிடம் இருப்பது 250 டிகிரியில் மூச்சு வாங்கும் ஒரு ஓ.டி.ஜி. அந்த அடுப்பில் பாதாம் மாவை வைத்தால் ஒரு நிமிடத்தில் கரி. ஆக, நம் பேஸுக்கு நம் அடுப்பே சரி.

ஆனால் அதே இத்தாலியில், லிகூரியாவில், கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டு அகலத் தட்டில் சுடுகிறார்கள். ஃபரினாட்டா என்று பெயர். பக்கத்தில் பிரான்சின் நீஸ் நகரில் அதுவே சோக்கா. நம் அடைக்குச் சித்தி மகள்! நூறு கிராம் கடலை மாவில் மொத்த கார்ப் 58, அதில் நார் 11. லோ கார்ப் என்று சொல்ல முடியாது. ஆனால் புரதம் 22 கிராம், மைதாவைப்போல் இரண்டு மடங்கு. மெல்லிதாகச் சுட்டால் ஆளுக்கு 30 கிராம் மாவுதான் செலவாகும். பையனுக்கும் மாமனாருக்கும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். காலிஃப்ளவர் மயக்கத்தில் இருந்தேன்.

7 ஏப்ரல்

இரண்டு திருத்தம். இசப்கோல் பேஸுக்குத் தயிர் 'இரண்டு ஸ்பூன்' என்று எழுதியிருந்தேன், அது டேபிள்ஸ்பூன். கோடை வந்துவிட்டது, காலிஃப்ளவர் சின்னதாகி விலையும் ஏறிவிட்டது. முட்டைக்கோஸில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், அதே முறுக்கல்தான், வாசனை மட்டும் தெருமுனைவரை போகும்.

14 ஏப்ரல்

சேலம் சகோதரியிடமிருந்து செய்தி. புத்தாண்டுக்குக் காலிஃப்ளவர் பேஸும் கடலை மாவு பேஸும் இரண்டும் செய்தாராம். பையன் கடலை மாவை முடித்துவிட்டு காலிஃப்ளவரை ஒதுக்கிவிட்டான். மாமனார் காலிஃப்ளவரில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "அடை நல்லாத்தாம்மா இருக்கு, சட்னி எங்கே?" என்று கேட்டாராம்.

கொடுங்கள். பொட்டுக்கடலை போடாமல் அரைத்தால் தேங்காய்ச் சட்னியில் கார்ப் கம்மிதான்.